தொலோரெஸிலிருந்து தொடங்குங்கள்

டெக்சாஸிலிருந்து மெக்சிகோவுக்கு விடுமுறை போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



கான்குன் கடற்கரை, மெக்சிகோ சிட்டி, தெயோதிவாக்கான் பிரமிடுகள் எல்லாம் பார்த்தாயிற்று. அடுத்த விடுமுறைக்குக் குவானஹுவாத்தோவும் சான் மிகுவேல் தெ அயெந்தேயும் போகலாமா என்று உங்களில் பலர் பேசிக்கொள்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஹூஸ்டனிலிருந்தும் டல்லஸிலிருந்தும் லெயோன் விமான நிலையத்துக்கு நேரடியாகவே விமானம் இருக்கிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்த ஒரு மணி நேரத்துக்குள் குவானஹுவாத்தோவின் மலைச்சரிவு வீடுகள் கண்ணில் பட்டுவிடும். நான் எழுத வந்தது, வழிகாட்டியோடு போகும் அந்த ஒருநாள் சுற்றுலாவைப் பற்றி. அதை நீங்கள் தேர்ந்தெடுக்கும் விதத்தில் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

வழக்கமாக விற்கப்படும் சுற்றுலா இப்படிப் போகும். மெக்சிகோ சிட்டியில் விடிவதற்கு முன்பே பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். சான் மிகுவேல் சுமார் 270 கிலோமீட்டர். காலைப்பொழுது சாலையிலேயே கழிந்துவிடும். அங்கே தேவாலயத்தின் முன் படம் எடுக்கக் கொஞ்ச நேரம், கடைவீதிக்குக் கொஞ்ச நேரம். அப்புறம் குவானஹுவாத்தோ: முத்தச் சந்து, மம்மிகள் அருங்காட்சியகம், குன்றின் மேலிருந்து ஊரைப் பார்ப்பது. அறைக்குத் திரும்பும்போது நள்ளிரவு ஆகிவிடும். தொலோரெஸ் இதால்கோ என்ற ஊர் அட்டவணையில் இருந்தாலும் ஐஸ்கிரீம் சாப்பிட இறங்கும் இடமாகத்தான் இருக்கும். அதோதொனில்கோ என்ற திருத்தல ஊர் பெரும்பாலும் இருக்காது.

மெக்சிகோ சிட்டியிலிருந்து போய் ஒரே நாளில் திரும்பாதீர்கள். குவானஹுவாத்தோவில் இரண்டு இரவு தங்குங்கள். அங்கிருந்து ஒரு சிறிய வேனில், வழிகாட்டியோடு, முதலில் தொலோரெஸ், பிறகு அதோதொனில்கோ, பிறகு சான் மிகுவேல் என்ற வரிசையில் போய், மாலையில் குவானஹுவாத்தோவுக்கே திரும்புங்கள். மறுநாள் காலை, ஊருக்குள்ளேயே இருக்கும் பழைய தானியக் களஞ்சியத்துக்கு நடந்து போங்கள். 1810 செப்டம்பரில் ஒரு பெருங்கூட்டம் இந்த இடங்களை இதே வரிசையில்தான் கடந்தது. 16ஆம் தேதி விடியற்காலை தொலோரெஸில் கிளம்பியவர்கள், செலாயா பக்கம் சுற்றிக்கொண்டு போய், 28ஆம் தேதி குவானஹுவாத்தோவின் களஞ்சியக் கதவை எரித்து உள்ளே புகுந்தார்கள். மெக்சிகோவின் விடுதலைப் போர் அந்தப் பன்னிரண்டு நாட்களில் தொடங்குகிறது. தொலோரெஸின் சிறையும் அதோதொனில்கோவின் கோயிலும் அந்தக் களஞ்சியமும் இன்றும் நிற்கின்றன. வரிசை மாறினால் அவை வெறும் அழகான கட்டடங்களாகிவிடும் என்பதுதான் என் கவலை.

முன்கதையைப் புறப்படுவதற்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். 1808இல் நெப்போலியன் ஸ்பெயின் அரசரைப் பிடித்து வைத்துக்கொண்டதும், மெக்சிகோ மண்ணில் பிறந்த ஸ்பானிய வம்சத்தினர், இனி நம்மை ஆள்வது யார் என்று கேட்கத் தொடங்கினார்கள். கெரேத்தரோ நகரில் இலக்கியக் கூட்டம் என்ற பெயரில் கூடிச் சதி பேசினார்கள். நகரத் தலைமை அதிகாரியின் மனைவி ஹொசேஃபா ஓர்த்தீஸ் அந்தக் கூட்டத்தில் முக்கியமானவர். விஷயம் வெளியே கசிந்ததும் கணவர் அவரை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஹொசேஃபா குதிகாலால் தரையைத் தட்டிச் சிறைக் காவலர் இக்னாசியோ பெரெஸை வரவழைத்து, பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்தே செய்தியைச் சொல்லி அனுப்பினார் என்று அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைக்கும் சொல்வார்கள். பெரெஸ் குதிரையில் சான் மிகுவேலுக்குப் பறந்தார். அங்கிருந்து ஹுவான் அல்தாமா அதை எடுத்துக்கொண்டு தொலோரெஸ் போய்ச் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை, இன்னும் இருட்டு பிரியவில்லை. படை அதிகாரி இக்னாசியோ அயெந்தே அப்போது அங்கேதான், பங்குத்தந்தை மிகுவேல் இதால்கோவின் வீட்டில் இருந்தார்.

குவானஹுவாத்தோவிலிருந்து தொலோரெஸ் போகும் சாலை சாந்தா ரோசா மலை வழியாக ஏறி இறங்கும். ஓக் மரக் காடு, விடாத வளைவுகள். பிள்ளைகளுக்கு வாந்தி வரும் என்றால் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

தொலோரெஸ் சிறிய ஊர்தான். சதுக்கத்தின் ஒரு பக்கம் முழுக்க இளஞ்சிவப்புக் கல்லில் இழைத்த தேவாலய முகப்பு எழுந்து நிற்கிறது. தூண்களில் ஒரு விரற்கடை கூட வெறுமையாக விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். அதன் வாசற்படியில் நின்றுதான் இதால்கோ மக்களை எழச் சொன்னார். அப்போது அவருக்கு 57 வயது. கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர், பிரெஞ்சு நூல்களைப் படித்தவர். இந்த ஊருக்கு வந்த பிறகு மக்களுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பதில் இறங்கினார். திராட்சை பயிரிட்டார், மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்த்தார், தேனீ வளர்த்தார், மண்பாண்டப் பட்டறை நடத்தினார். இன்றும் தொலோரெஸில் தெருவுக்குத் தெரு வண்ணம் தீட்டிய பாண்டங்களும் ஓடுகளும் விற்கிறார்கள். வாங்குகிற எண்ணம் இருந்தால் சான் மிகுவேல் வரை காத்திருக்காமல் இங்கேயே வாங்குங்கள், செய்பவரிடமே வாங்கலாம்.

அன்று ஞாயிறு என்பதால் சுற்றுக் கிராமத்து மக்கள் பூசைக்கும் சந்தைக்கும் வந்துகொண்டிருந்தார்கள். மணி அடித்தது. சிறையைத் திறந்து கைதிகளை வெளியே விட்டார்கள். ஊரிலிருந்த ஸ்பானியர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். இதால்கோ பேசினார். அவர் வாயிலிருந்து வந்த சொற்களை அந்த நேரத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. பின்னால் எழுதியவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15 இரவு மெக்சிகோ அதிபர் தன் மாளிகை மாடத்திலிருந்து முழங்கும் வாசகம் பிற்காலத்தில் அமைந்தது. அவர் அடிக்கும் மணி மட்டும் அசல் மணி. 1896இல் போர்ஃபிரியோ தியாஸ் ஆட்சியில் அதை மெக்சிகோ சிட்டிக்குக் கொண்டுபோய் மாளிகையில் தொங்கவிட்டார்கள். தொலோரெஸில் நீங்கள் காண்பது நகல். வழிகாட்டி இதைச் சொல்லாமல் நகர்ந்தால் நீங்களே கேளுங்கள். மணியைப் பறிகொடுத்ததைப் பற்றி ஊர்க்காரர்கள் பேசக் கேட்பது அரை மணி நேர விளக்கவுரைக்குச் சமம்.

இதால்கோ வாழ்ந்த வீடும், கைதிகளை விடுவித்த பழைய சிறையும் இப்போது அருங்காட்சியகங்கள். சதுக்கத்திலிருந்து இரண்டுக்கும் நடந்தே போகலாம். இரண்டையும் பார்த்த பிறகு ஐஸ்கிரீமுக்கு வாருங்கள். வெண்ணெய்ப்பழம், பாலாடைக்கட்டி, இறால், மோலே குழம்பு என்று தள்ளுவண்டிக்காரர்கள் நீட்டும் சுவைகளைப் பிள்ளைகள் நிச்சயம் ரசிப்பார்கள். தொலோரெஸில் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும் என்று நான் சொல்வது இத்தனைக்கும் சேர்த்துத்தான்.

அங்கிருந்து அதோதொனில்கோ. என்னைக் கேட்டால், ஒருநாள் பயணத்தில் ஓரிடத்தை மட்டும் பார்க்கலாம் என்ற நிலை வந்தால் இதைத்தான் சொல்வேன்.

வெளியிலிருந்து பார்த்தால் உயரமான வெள்ளைச் சுவர்தான் தெரியும். கோட்டையோ கிடங்கோ என்று தோன்றும். உள்ளே காலடி வைத்ததும் சுவர், வளைவு, கூரை என்று தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் இடைவெளியே இல்லாமல் ஓவியம். லூயிஸ் ஃபெலிப்பே நேரி தெ அல்ஃபாரோ என்ற பாதிரியார் 1740இல் இந்தத் திருத்தலத்தைக் கட்டத் தொடங்கினார். மிகுவேல் அந்தோனியோ மார்த்தீனெஸ் தெ பொக்காசாங்ரே என்ற ஓவியர் சுமார் 30 ஆண்டுகள் இதற்குள்ளேயே வரைந்துகொண்டிருந்தார். கிறிஸ்துவின் பாடுகள்தான் பெரும்பகுதி. படங்களுக்கு நடுவே அல்ஃபாரோ எழுதிய செய்யுள்களை எழுதியிருக்கிறார்கள். மெக்சிகோவின் சிஸ்டைன் ஆலயம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அந்த ஒப்பீடு இதற்குத் தேவையில்லை. இங்கே வரைந்தது நாட்டுப்புறக் கை. முகங்களில் செம்மை கிடையாது, வேகம் இருக்கிறது. சிவப்பும் கருநீலமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் எவருக்கும் அது யாருக்காக வரையப்பட்டது என்று புரியும்: எழுத்தறியாத குடியானவர் வந்து நின்று படிப்பதற்காக.

இது இன்றும் நோன்பிடம். தொலைவிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பேருந்துகளில் வந்து, நாட்கணக்கில் தங்கி, தரையில் படுத்து, தவம் இருந்துவிட்டுப் போகிறார்கள். வாசலில் உள்ள கடைகளில் முள்முடியும், தங்களைத் தாங்களே அடித்துக்கொள்ளும் நார்ச் சாட்டையும் விற்பதைப் பார்ப்பீர்கள். பிள்ளைகள் கேட்பார்கள், பதில் சொல்லுங்கள். அலகு குத்துவதையும் காவடி எடுப்பதையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினமில்லை. நோன்பாளிகளைப் படம் எடுக்காதீர்கள். ஓவியங்களின் மேல் ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

செப்டம்பர் 16 அன்று இதால்கோவின் கூட்டம் இங்கே வந்து சேர்ந்தபோது அவர்களிடம் கொடி என்று ஒன்று இல்லை. கையில் அரிவாள், கவண், தடி. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் குறைவு. இதால்கோ இந்தத் திருத்தலத்திலிருந்து குவாதலூப்பே அன்னையின் படத்தை எடுத்து ஈட்டியில் கட்டிப் படைக்கு முன்னால் தூக்கச் சொன்னார். கெரேத்தரோவில் படித்தவர்கள் போட்ட திட்டம் அந்த நிமிடத்தில் பழங்குடியினர், சுரங்கக் கூலிகள், பண்ணையாட்கள் கைக்குப் போயிற்று. எதிர்த்தரப்பு ரெமெதியோஸ் அன்னையைத் தங்கள் காவல் தெய்வமாக முன்னிறுத்தியது. ஒரே தாயின் இரண்டு உருவங்கள் போர்க்களத்தில் எதிரெதிரே நின்றன. இதைத் தொலோரெஸிலோ சான் மிகுவேலிலோ நின்று கேட்பதற்கும், அந்தப் படம் புறப்பட்ட கோயிலுக்குள் நின்று கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்த ஊரை அட்டவணையில் சேர்க்கச் சொல்கிறேன். சான் மிகுவேலிலிருந்து 15 கிலோமீட்டர் கூட இல்லை. தூரம் என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. அயெந்தே 1802இல் திருமணம் செய்துகொண்டதும் இங்கேதான்.

சான் மிகுவேலைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அந்த ஊர் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். அன்று மாலை கூட்டம் இங்கே நுழைந்தது. அயெந்தேயின் படைப்பிரிவு சேர்ந்துகொண்டது. அவர் பிறந்த வீடு தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே அருங்காட்சியகமாக இருக்கிறது. எல்லோரும் படம் எடுக்கும் அந்த ஊசிக் கோபுர முகப்பு மட்டும் விடுதலைப் போருக்குப் பிற்பட்டது. செஃபெரீனோ குத்தியெர்ரெஸ் என்ற உள்ளூர்க் கல்தச்சர் 1880களில் எழுப்பினார். கட்டடக் கலையைப் பள்ளியில் படிக்காதவர். ஐரோப்பியத் தேவாலயங்களின் படங்களைப் பார்த்துத்தான் இப்படிக் கட்டினார் என்கிறார்கள். 2008இல் யுனெஸ்கோ இந்த ஊரையும் அதோதொனில்கோவையும் சேர்த்து ஒரே பாரம்பரிய இடமாக அறிவித்தது. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஓய்வுபெற்றவர்கள் வந்து குடியேறியதில் நடு ஊரின் வீட்டு விலை ஏறி, உள்ளூர்க் குடும்பங்கள் பல வெளிப்புறத்துக்குப் போய்விட்டன. வழிகாட்டியின் சொந்த வீடு எங்கே இருக்கிறது என்று மரியாதையோடு கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலில் இன்றைய சான் மிகுவேல் தெரியும்.

மறுநாள் காலை, அலோந்திகா தெ கிரனாதித்தாஸ். 1798இல் தொடங்கி 1809இல் கட்டி முடித்த களஞ்சியம். 1785, 86 ஆண்டுகளில் மெக்சிகோவைப் பெரும்பஞ்சம் வாட்டியிருந்தது. மறுபடி அப்படி ஒன்று வந்தால் ஊருக்குச் சோளம் இருக்க வேண்டும் என்றுதான் மாகாண அதிகாரி ஹுவான் அந்தோனியோ ரியாஞோ இதைக் கட்டுவித்தார். வெளிச்சுவரில் சன்னல்கள் சிறியவை, உயரத்தில் இருப்பவை. உள்ளே நடுமுற்றம், இரண்டு தளத்துக்கும் கல்தூண்கள், சுற்றிலும் தானிய அறைகள். கூட்டம் வருகிறது என்ற செய்தி எட்டியதும் ரியாஞோ ஸ்பானியக் குடும்பங்களையும் காவல் படையையும் அரசு வெள்ளியையும் இதற்குள் கொண்டுவந்து கதவை அடைத்தார். வெளியே விடப்பட்ட நகர மக்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சகாலத்தில் தங்களுக்கு என்று கட்டிய இடத்தில் செல்வர்களும் அவர்களுடைய பணமும். அவர்களும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டதில் வியப்பில்லை.

ரியாஞோவும் இதால்கோவும் பழைய நண்பர்கள். சரணடையச் சொல்லி இதால்கோ கடிதம் அனுப்பினார், ரியாஞோ மறுத்தார். சண்டை தொடங்கிய சிறிது நேரத்திலேயே ரியாஞோ சுடப்பட்டு இறந்தார். கதவை நெருங்க முடியாமல் கூட்டம் திணறியபோது, பீபிலா என்ற சுரங்கத் தொழிலாளி முதுகில் ஒரு கற்பலகையைக் கட்டிக்கொண்டு, குண்டுமழைக்குள் தவழ்ந்து போய்க் கதவுக்குத் தீ வைத்தார் என்பது ஊரே கொண்டாடும் கதை. குன்றின் மேல் அவருடைய பெரிய சிலை நிற்கிறது. அப்படி ஒரு மனிதர் இருந்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கிறார்கள். இந்த ஊரின் சுரங்கங்களில் 100 கிலோவுக்கு மேல் தாதுப்பாரத்தை முதுகில் சுமந்து, ஆழத்திலிருந்து படிப்படியாக ஏறி வந்த கூலிகளைப் பற்றி 1803இல் இங்கே வந்த அறிஞர் ஹம்போல்ட் எழுதியிருக்கிறார். முதுகில் கல்லோடு ஒரு மனிதன் என்பது இந்த ஊர் தினமும் கண்ட காட்சி. அந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சேர்த்து ஒரு பெயர் கிடைத்ததாகத்தான் நான் அந்தச் சிலையைப் பார்க்கிறேன். வாலென்சியானா சுரங்கத்தின் பக்கத்திலுள்ள சான் கயெத்தானோ தேவாலயத்தின் தங்க முலாம் பூசிய பலிபீடங்களும் அந்த முதுகுகள் சுமந்தவைதான். நேரம் இருந்தால் அங்கேயும் போய் வாருங்கள்.

கதவு எரிந்த பிறகு நடந்ததை வழிகாட்டிகள் பலர் விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். உள்ளே இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். நகரம் சூறையாடப்பட்டது. இதை அடக்கத் தெரியாத தலைமை என்று அயெந்தே இதால்கோவோடு முரண்பட்டார். பதின்ம வயதில் இதைக் கண்ணால் கண்ட லூக்காஸ் அலமான் பின்னாளில் மெக்சிகோவின் பெரிய வரலாற்றாசிரியரானார். அந்தக் கூட்டத்தின் மேல் அவருக்கு இருந்த அச்சம் அவருடைய எழுத்தை விட்டு நீங்கவே இல்லை. நவம்பரில் அரசுப்படை நகரை மீட்டபோது அதன் பழிதீர்ப்பும் கொடியது. இரண்டையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று மறைக்காதீர்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைத் தாங்கும்.

உங்கள் டெக்சாஸுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. தோற்றுப்போன தலைவர்கள் ஆயுதமும் உதவியும் தேடி வடக்கே, டெக்சாஸ் வழியாக அமெரிக்காவை நோக்கிப் போனார்கள். 1811 மார்ச் 21 அன்று கோவாவிலாவில் அகத்தீத்தா தெ பஹான் என்ற இடத்தில் பிடிபட்டார்கள். அயெந்தே, அல்தாமா, இன்னொரு தலைவரான ஹிமேனெஸ் மூவரும் ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதால்கோ ஜூலை 30 அன்று. நால்வரின் தலைகளையும் அதே களஞ்சியத்தின் நான்கு மூலைகளில் இரும்புக் கூண்டுகளில் தொங்கவிட்டார்கள். 1821 வரை அவை அங்கேயே இருந்தன. வெளிச்சுவரின் மூலைகளில் அவர்கள் பெயர்களைப் பார்க்கலாம். முழுக் கட்டடத்தையும் ஒரு சுற்று சுற்றி, நான்கையும் படித்துவிட்டு உள்ளே போங்கள். மாடிப்படியில் ஹொசே சாவெஸ் மொராதோவின் சுவரோவியம் இருக்கிறது.

மம்மிகள் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். அங்கே கண்ணாடிக்குள் இருப்பவர்கள் பழங்கால அரசர்கள் அல்லர். கல்லறைக் கட்டணத்தைக் குடும்பம் கட்ட முடியாமல் போனதால் தோண்டி எடுக்கப்பட்ட சாதாரண ஊர்க்காரர்கள். கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள். ஏழ்மையால் அடக்கத்தை இழந்தவர்களைக் காசு கொடுத்துப் பார்ப்பதை என் மனம் ஏற்கவில்லை. வேன்காரர் வற்புறுத்தினால் அந்த நேரத்தை ஓவியர் தியேகோ ரிவேரா பிறந்த வீட்டுக்குக் கொடுங்கள்.

சாப்பாடு பற்றி, சைவக்காரர்களுக்காக. ‘சின் கார்னே’ என்றால் இறைச்சி வேண்டாம் என்று பொருள். கோழி அதில் சேராது என்று நினைப்பவர்கள் உண்டு. ‘சின் போயோ’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். ‘மந்தேகா’ போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். நோப்பால் கள்ளியும் பாலாடைக்கட்டியும் வைத்த கெசடியா எங்கும் கிடைக்கும். குவானஹுவாத்தோவின் சுரங்கத்தார் எஞ்சிலாடாவில் உருளைக்கிழங்கும் கேரட்டும் வரும். கோழி இல்லாமல் கேட்டால் தருவார்கள். இந்த ஊர்கள் 1,900, 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பவை, தெருக்கள் உருளைக்கற்கள் பதித்தவை. பெரியவர்களை அழைத்துப் போனால் நல்ல செருப்பும் மெதுவான நடையும் வேண்டும். வழிகாட்டிக்குத் தனியாக அன்பளிப்புக் கொடுப்பது அங்கே வழக்கம். பெசோவில், கையில் கொடுங்கள்.

கடைசியாக, பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். வழிகாட்டியிடம் சுற்றுலாத் துறை வழங்கிய அடையாள அட்டை இருக்கிறதா? முதல் நிறுத்தம் தொலோரெஸ்தானா, அங்கே இரண்டு மணி நேரம் கிடைக்குமா? அதோதொனில்கோவில் உள்ளே போக நேரம் உண்டா, வெளியிலிருந்து காட்டிவிட்டு ஓட்டிவிடுவீர்களா? இதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். நாளைத் தேர்ந்தெடுக்கும்போது திங்கட்கிழமையை விட்டுவிடுங்கள். அன்று அங்கே பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை.

அன்புடன்.